தண்டுகள் கழற்றப்படாத பெட்டி

வேதாகமத்தின் யாத்திராகமம் 25ஆம் அதிகாரத்தில், பத்துக் கட்டளைகளின் கற்பலகைகளை வைப்பதற்கான உடன்படிக்கைப் பெட்டியின் அளவுகளுக்கும் அதன் மேல் மூடியாக அமரவேண்டிய கிருபாசனத்தின் விவரங்களுக்கும் நடுவே, வேகமாக வாசிப்பவர் தாண்டிப் போய்விடக்கூடிய ஒரு கட்டளை இருக்கிறது. பெட்டியைச் சுமப்பதற்கென்று சீத்திம் மரத்தால் செய்து பொன்தகட்டால் மூடிய இரண்டு தண்டுகளும் அதன் வளையங்களிலேயே இருக்கவேண்டும், அவற்றைக் கழற்றக் கூடாது என்பதே அது. சமுகத்தப்ப மேசைக்கும் தூபபீடத்துக்கும் வெண்கலப் பலிபீடத்துக்கும்கூடத் தண்டுகள் உண்டு. ஆனால் கழற்றலாகாது என்ற தடை பெட்டிக்கு மாத்திரமே சொல்லப்பட்டிருக்கிறது. பிரதான ஆசாரியன் ஒருவன் மட்டும், அதுவும் பாவநிவாரண நாளில் மட்டும் நுழையக்கூடிய இருண்ட அறைக்குள், இஸ்ரவேலின் மிகப் பரிசுத்தமான பொருள் எந்த நேரத்திலும் தோளில் ஏற்றப்படத் தயாராக இருந்தது. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் சுமந்து சென்ற வழிபாட்டிடமான ஆசரிப்புக் கூடாரத்தைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் பொன்னுக்கும் வெள்ளிக்கும் திரைச்சீலையின் நிறங்களுக்கும் விளக்கம் கிடைத்ததே தவிர, இந்தத் தண்டுகளை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை. எனக்கோ அந்தக் கூடாரத்தைப் புரிந்துகொள்ள அவற்றைவிட நல்ல வழி தெரியவில்லை.

கூடாரம் அளவில் சிறியது. ஒரு முழத்தை ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் என்று கொண்டால், 100 முழ நீளமும் 50 முழ அகலமும் உள்ள பிராகாரம் 45 மீட்டருக்கு 22 மீட்டர் அளவுதான் வரும். அதற்குள் மேற்குப் பக்கமாக நிற்கும் வாசஸ்தலம் 30 முழ நீளமும் 10 முழ உயரமும் கொண்டது. வாசல் கிழக்கே பார்த்திருக்க, உள்ளே நுழைந்தவுடன் வரும் பரிசுத்த ஸ்தலத்தில் மேசையும் பொன் குத்துவிளக்கும் தூபபீடமும் இருந்தன. திரைக்கு அப்பால் மகா பரிசுத்த ஸ்தலத்தில் பெட்டி மட்டும் இருந்தது. உட்கார ஓர் ஆசனம்கூடச் சொல்லப்படவில்லை. தரையைப் பற்றியும் பேச்சே இல்லை; பொன்னால் மூடிய பலகைகளுக்கு நடுவே ஆசாரியர்கள் வனாந்தரத்தின் மண்ணில்தான் நின்றிருக்கவேண்டும்.

இவற்றைச் சொல்லும் விதமே கவனிக்கத்தக்கது. நாற்பத்தெட்டுப் பலகைகள், ஒவ்வொரு பலகையின் கீழும் இரண்டு வெள்ளிப் பாதங்கள், பலகைகளைச் சேர்த்துப் பிடிக்கும் தாழ்ப்பாள்கள், 28 முழ நீளமுள்ள பத்து மூடுதிரைகளை ஐந்தைந்தாக இணைத்து அவ்விரு தொகுதிகளையும் ஒன்றாக மாட்டுவதற்கு இளநீல நூலால் காதுகள், அவற்றுக்குப் பொன் கொக்கிகள், முளைகள், கயிறுகள். வேதாகமத்தின் வேறெந்தப் பகுதியும் மூட்டுகளிலும் இணைப்புகளிலும் இவ்வளவு அக்கறை காட்டுவதில்லை. இது பிரித்தெடுத்து, கட்டிச் சுமந்து, வேறோர் இடத்தில் அதே ஒழுங்கில் மீண்டும் மாட்டவேண்டிய ஒன்றை விவரிக்கும் மொழி. பக்தியோடு வாசிக்க உட்கார்ந்தவர்கள் இந்த அதிகாரங்களில் களைத்துப்போவது இயல்பே. ஆனால் தச்சுவேலை அறிந்தவர் ஒருவர் களைப்பில்லாமல் வாசிப்பார் என்றே நினைக்கிறேன்.

அந்த வெள்ளிப் பாதங்களின் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். இருபது வயதுக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆணும் அரைச்சேக்கல் வெள்ளி செலுத்தவேண்டும். ஐசுவரியவான் அதற்கு மேல் கொடுக்கக் கூடாது, தரித்திரன் குறைக்கவும் கூடாது. எண்ணப்பட்டவர்கள் 6,03,550 பேர். ஒரு தாலந்துக்கு 3,000 சேக்கல் என்று கணக்கிட்டால், அவர்கள் செலுத்தியது 100 தாலந்தும் 1,775 சேக்கலும் ஆகிறது. 38ஆம் அதிகாரம் கொடுக்கும் தொகையும் துல்லியமாக அதுவே. அந்த நூறு தாலந்தும் நூறு பாதங்களாக வார்க்கப்பட்டன, பாதம் ஒன்றுக்குத் தாலந்து ஒன்று வீதம். மீதி 1,775 சேக்கல் தூண்களின் கொக்கிகளுக்கும் பூண்களுக்கும் போனது. மனமுவந்து கொடுத்த பொன்னும் நூலும் தோலும் மேலே மின்ன, மணலில் பதிந்து எல்லாவற்றையும் தாங்கியது யாரும் கூட்டவோ குறைக்கவோ முடியாத அந்தச் சம பங்குதான். உற்சாகமாகக் கொடுத்த காணிக்கையோ தேவைக்கு மேல் குவிந்தது. இனி ஒன்றும் கொண்டுவரவேண்டாம் என்று மோசே பாளயமெங்கும் கூறச்செய்தார். காணிக்கை போதும் என்று அறிவித்த கட்டடக் குழு ஒன்றையும் என் வாழ்நாளில் நான் கண்டதில்லை.

பாளயம் புறப்படும்போது நடந்தவற்றை எண்ணாகமம் விவரிக்கிறது. கூடாரப் பணிக்குரிய குலமான லேவியரில் கெர்சோன் வம்சத்தார் திரைகளைக் கொண்டுபோனார்கள். அவர்களுக்கு இரண்டு வண்டிகளும் நான்கு மாடுகளும். பலகைகளும் பாதங்களும் மெராரி வம்சத்தாரின் பொறுப்பு. அவர்களுக்கு நான்கு வண்டிகளும் எட்டு மாடுகளும். பாதங்கள் மட்டுமே மூன்று டன்னுக்கு மேல் எடை என்பதை நினைத்தால் அந்த மாடுகளுக்காகப் பரிதாபப்படத் தோன்றுகிறது. பெட்டியையும் மேசையையும் விளக்கையும் பீடங்களையும் சுமந்த கோகாத் வம்சத்தாருக்கு வண்டியே கொடுக்கப்படவில்லை, ஏனெனில் அவர்கள் தோள்மேல் சுமக்கவேண்டியவர்கள். அவர்கள் வருமுன் ஆரோனும் அவன் குமாரரும் மறைவுத்திரையை இறக்கிப் பெட்டியை மூடி, அதன்மேல் தோலைப் போட்டு, அதற்கும் மேலாக முழுவதும் நீலமான துணியை விரிப்பார்கள். மற்றப் பொருள்களுக்குத் தோல்தான் வெளிப்புறம். பெட்டிக்கு மட்டும் நீலத்துணி வெளியே தெரிந்தது. வனாந்தரத்தின் பழுப்பு நிறத்துக்கு நடுவே அந்த ஒரு நீலச் சுமை எங்கே போகிறது என்பதைத் தொலைவிலிருந்தும் பார்த்திருக்கலாம். சுமந்தவர்கள் மட்டும் அதை மூடாத நிலையில் கண்டதில்லை. கண்டால் சாவார்கள் என்பது கட்டளை.

தாவீதின் காலத்தில் இந்த ஒழுங்கு மறந்துபோனது. பெட்டியைப் புது வண்டியில் ஏற்றினார்கள், மாடுகள் இடறின, ஊசா கை நீட்டிப் பிடித்தான், அங்கேயே இறந்தான். தண்டனையின் கடுமை வாசிப்பவரை இன்றும் உறுத்துகிறது, அதை மழுப்பிப் பேசும் விளக்கங்கள் எனக்கு உவப்பானவை அல்ல. ஆனால் நாளாகமத்தின் ஆசிரியர் காரணத்தை வேறிடத்தில் வைக்கிறார்: முதல் தடவை லேவியர் சுமக்காமற்போனார்கள், முறைப்படி தேடவில்லை என்று தாவீதே சொல்ல, இரண்டாம் தடவை அவர்கள் தண்டுகளால் அதைத் தோள்மேல் எடுத்துவருகிறார்கள்.

வரலாற்று ஆய்வாளர்களில் பலர் இப்படியொரு கூடாரம் இருந்திருக்கவே முடியாது என்றனர். ஜெர்மானிய வேதாகம ஆய்வாளர் யூலியுஸ் வெல்ஹவுசன் 1878இல் முன்வைத்த வாதப்படி, எருசலேம் ஆலயத்தைக் கண்ட ஆசாரிய எழுத்தாளர்கள் அதைப் பாதியாகச் சுருக்கி வனாந்தரத்துக்குள் பின்னோக்கி அனுப்பிய கற்பனையே ஆசரிப்புக் கூடாரம். சாலொமோனின் ஆலயம் 60 முழ நீளமும் 20 முழ அகலமும் கொண்டது என்பதால் இந்த வாதத்துக்கு ஒரு கவர்ச்சி உண்டு. ஆனால் அதற்குப் பின் எகிப்திலிருந்து கிடைத்தவை கதையைச் சிக்கலாக்கின. கூஃபு மன்னனின் தாய் ஹெத்தெபெரஸின் பொருள்கள் 1925இல் கீசாவில் கண்டெடுக்கப்பட்டபோது, பொன்தகடு போர்த்திய மரச்சட்டங்களால் ஆன, கழற்றி மாட்டத்தக்க கூடாரச் சட்டகம் ஒன்றும் அவற்றுள் இருந்தது. அது மோசேக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது. கி.மு. 1274இல் நடந்த காதேசு போரைச் சித்திரிக்கும் சிற்பங்களில் இரண்டாம் ராம்சேசின் பாளயம் செவ்வகமாக வரையப்பட்டு, நடுவே ஒரு நீண்ட முன்கூடமும் அதற்குப் பின்னால் அரசனின் அறையும், அங்கே அரசனின் பெயரைச் சிறகுகளால் மூடி நிற்கும் இரு பறவைகளும் காட்டப்படுகின்றன. தெற்கு இஸ்ரவேலின் திம்னா செப்புச் சுரங்கப் பள்ளத்தாக்கில் 1969இல் பெனோ ரோத்தன்பெர்க் அகழ்ந்த, எகிப்தியத் தேவதை ஹாத்தோரின் கோயிலை, கி.மு. 12ஆம் நூற்றாண்டில் மீதியானியர் கைப்பற்றித் துணிக்கூடாரம் வேய்ந்த வழிபாட்டிடமாக மாற்றியிருந்ததற்குக் கம்பக் குழிகளும் சிவப்பும் மஞ்சளுமான துணித் துண்டுகளும் சான்றாகக் கிடைத்தன. பொன்முலாம் பூசிய தலையுடன் ஒரு செப்புப் பாம்பும் உடன் கிடைத்தது.

இவையெதுவும் யாத்திராகமத்தின் கூடாரம் சொல்லுக்குச் சொல் உண்மை என்று நிறுவுவதில்லை. அப்படி நிறுவிவிட்டதாகப் பேசுவோரை நம்பவும் வேண்டியதில்லை. ஆனால் அக்காலத்து மனிதர்களுக்கு அரசனையோ தெய்வத்தையோ பிரித்து மாட்டும் கூடாரத்தில் வைப்பது அந்நியமான எண்ணமன்று என்று காட்டுகின்றன. ஒருவேளை இந்த அதிகாரங்கள் இறுதி வடிவம் பெற்றது பாபிலோனியச் சிறையிருப்பை ஒட்டித்தான் என்று வைத்துக்கொண்டாலும், அவற்றின் பொருள் குறைவதாக எனக்குத் தோன்றவில்லை. ஆலயம் எரிந்துபோய், நிலமிழந்து, பாபிலோனியாவின் கேபார் நதிக்கரையில் குடியமர்த்தப்பட்ட ஆசாரியர்கள் தங்கள் கடவுளின் முதல் இருப்பிடத்தை நினைவுகூரும்போது கல்லையும் கேதுருவையும் விட்டுவிட்டு, முளைகளையும் கயிறுகளையும் எண்ணி எழுதினார்கள் என்றால், அவர்கள் எதைக் காப்பாற்ற முயன்றார்கள் என்பது விளங்குகிறது.

கானானில் நுழைந்தபின் கூடாரம் சீலோவில் நிறுத்தப்பட்டது. சாமுவேல் சிறுவனாக அங்கே படுத்திருந்த காலத்தில் அந்த இடத்துக்குக் கதவுகள் வந்துவிட்டிருந்தன. காலையில் எழுந்து கதவுகளைத் திறந்தான் என்று வாசிக்கிறோம். கூடாரம் மெல்ல வீடாகிக்கொண்டிருந்ததற்கு இதைவிடச் சிறிய, இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. பெலிஸ்தரோடு நடந்த போரில் பெட்டி பறிபோனது. 1981 முதல் 1984 வரை இஸ்ரேல் ஃபின்கெல்ஸ்டைன் சீலோவில் நடத்திய அகழாய்வு, அவ்வூர் கி.மு. 11ஆம் நூற்றாண்டின் நடுவில் தீக்கிரையானதைக் காட்டியது. நூற்றாண்டுகள் கழித்து எரேமியா எருசலேம் ஆலயத்தின் வாசலில் நின்று, சீலோவுக்குப் போய்ப் பாருங்கள் என்று எச்சரித்ததற்காக உயிரிழக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டான்.

தாவீது ஆலயம் கட்ட விரும்பியபோது கடவுளிடமிருந்து வந்த மறுமொழியில் ஒருவிதத் தயக்கம் கேட்கிறது: எகிப்திலிருந்து இஸ்ரவேலை அழைத்துவந்த நாள் முதல் நான் வீட்டில் குடியிருந்ததில்லை, கூடாரத்திலே உலாவினேன், எனக்குக் கேதுருமர வீடு கட்டவில்லை என்று யாரிடமாவது சொன்னதுண்டா? சாலொமோன் கட்டினான். அவ்வளவு பெரிய ஆலயத்தின் உள்ளறைக்குள் பெட்டி வைக்கப்பட்டபோதும் தண்டுகள் கழற்றப்படவில்லை. அவற்றின் முனைகள் பரிசுத்த ஸ்தலத்திலிருந்து காணப்பட்டன என்று 1 இராஜாக்கள் 8 பதிந்துவைக்கிறது. அவை திரையை உள்ளிருந்து முட்டிப் புடைத்து நின்றன என்று யூத ரபிமார் பின்னர் பேசினார்கள். பிறகு பெட்டியைக் காணோம். பாபிலோனியர் வாரிக்கொண்டு போனவற்றின் பட்டியலில் அது இல்லை. இரண்டாம் ஆலயத்தின் உள்ளறையில் மூன்று விரல் உயரமுள்ள ஒரு கல் மட்டுமே இருந்ததாக ரபிமாரின் சட்டத்தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. கி.மு. 63இல் உள்ளே துணிந்து நுழைந்த ரோமத் தளபதி பொம்பேயு கண்டது வெறுமையைத்தான்.

ஆலயமும் கி.பி. 70இல் அழிந்தபின், ரபிமார் ஆசரிப்புக் கூடாரத்தை வேறொரு வகையில் மீண்டும் நிறுவினார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஓய்வுநாளில் எந்த வேலை செய்யக் கூடாது என்பதற்கு வேதத்தில் விரிவான பட்டியல் இல்லை. கூடாரம் கட்டும் கட்டளையும் ஓய்வுநாள் கட்டளையும் யாத்திராகமத்தில் அடுத்தடுத்து வருவதால், கூடாரத்துக்குத் தேவைப்பட்ட வேலைகளே ஓய்வுநாளில் விலக்கப்பட்டவை என்று அவர்கள் கொண்டார்கள். முப்பத்தொன்பது வேலைகள்: உழுதல், நூற்றல், சாயமேற்றல், நெய்தல், தைத்தல் என்று போகும். எழுதுதல் ஏன் அதில் இருக்கிறது என்றால், பிரித்த பலகைகளை மறுபடி சேர்க்கும்போது எதற்கு எது இணை என்று தெரிய அவற்றின்மேல் எழுத்துகள் இடப்பட்டன என்பது அவர்கள் விளக்கம். பட்டியலின் கடைசி வேலை, ஓர் இடத்தின் எல்லையிலிருந்து மற்றோர் எல்லைக்குச் சுமந்துபோவது; லேவியர் தரையிலிருந்து வண்டிக்குப் பலகைகளை ஏற்றியதை, மிஷ்னாவுக்கு ரபிமார் எழுதிய விரிவுரைகள் அடங்கிய தல்மூது அதற்குச் சான்றாகக் காட்டுகிறது. இடத்தில் கட்டப்பட்ட பரிசுத்தம் இவ்வாறு காலத்தில் கட்டப்பட்டதாக மாறியது.

கிறிஸ்தவர்களின் கையில் கூடாரம் அடையாளங்களின் களஞ்சியமாயிற்று. இந்த வழக்கமும் யூதர்களிடமிருந்தே வந்தது: நான்கு நூல்களின் நிறங்களை நான்கு பூதங்களாகவும், ஏழு விளக்குகளை ஏழு கோள்களாகவும், பன்னிரண்டு அப்பங்களை மாதங்களாகவும் யூத வரலாற்றாசிரியர் யோசேபு (ஜோசீபஸ்) முதல் நூற்றாண்டிலேயே விளக்கியிருக்கிறார். பழங்காலக் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகேன் இதைக் கிறிஸ்துவை நோக்கித் திருப்பினார். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இங்கிலாந்தின் ஜாரோ மடத்தில் பீட் என்ற துறவி கூடாரத்துக்கென்றே ஒரு தனி விளக்கநூல் எழுதினார். அதே மடத்தார் எழுதிய மாபெரும் லத்தீன் வேதாகமக் கையெழுத்துப்படியில் கூடாரத்தின் படம் இரண்டு பக்கங்களை நிறைக்கிறது. 716இல் மடாதிபதி கேயோல்ஃபிரித் அதை ரோமுக்குக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு புறப்பட்டு வழியிலேயே பிரான்சின் லாங்ரில் இறந்தார். புத்தகம் இன்று ஃப்ளாரன்சில் இருக்கிறது. அதன் எடை ஏறத்தாழ 34 கிலோ, அதாவது ஒரு வெள்ளிப் பாதத்தின் எடை. தற்செயல்தான் என்றாலும் குறிப்பிடாமல் விட மனமில்லை.

நம் ஊர்ச் சபைகளில் சுவரில் தொங்கவிடும் வண்ண வரைபடங்களை வைத்து, சீத்திம் மரம் இயேசுவின் மனிதத்துவம், அதை மூடிய பொன் அவருடைய தெய்வீகம், சிவப்பு நூல் அவருடைய இரத்தம் என்று தொடர் செய்தி கொடுக்கும் மரபு இந்த நீண்ட வரிசையின் கடைக்கோடியில் வருகிறது. அதை நான் இகழமாட்டேன். கூடாரத்தின் பகுதிகளை எனக்கு மனப்பாடமாக்கியது அந்த மரபே. ஆனால் நூலின் நிறத்துக்கு யாத்திராகமம் எந்த அர்த்தமும் சொல்லவில்லை என்பதையும், அசையாமல் தொங்கும் படத்தில் கூடாரம் அசையாத ஒன்றாகவே பதிந்துவிடுகிறது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். இந்த வகை விளக்கங்களுக்கெல்லாம் ஆதாரமாகக் காட்டப்படும் எபிரெயர் நிருபமே வேறு திசையில் நகர்கிறது. அதன் ஆசிரியர் கூடாரத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறார். எருசலேம் ஆலயத்தை ஒரு தடவைகூடக் குறிப்பிடுவதில்லை. 9ஆம் 10ஆம் அதிகாரங்களில் திரையைக் கடந்து உள்ளே நுழையும் பிரதான ஆசாரியராகக் கிறிஸ்துவைக் காட்டியவர், 13ஆம் அதிகாரத்தில் வாசகர்களை உள்ளே அல்ல, பாளயத்துக்குப் புறம்பே அவரிடம் புறப்பட்டுப் போகச் சொல்கிறார். நிலையான நகரம் நமக்கு இங்கே இல்லை என்பது அவர் சொல்லும் காரணம்.

கத்தோலிக்கத் திருச்சபையில் இந்தக் கூடாரத்தின் லத்தீன் பெயர் (tabernaculum), திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பமாகிய நற்கருணையை வைக்கும் பேழைக்குச் சேர்ந்தது. நெடுங்காலம் அதன்மேல் கூடாரம்போல் ஒரு துணி போர்த்தும் வழக்கமும் இருந்தது. ஆனால் தொடக்கத்தில் நற்கருணை ஓரிடத்தில் வைக்கப்பட்டதே எடுத்துச் செல்வதற்காகத்தான். 2ஆம் நூற்றாண்டில் வழிபாட்டுக்கு வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் அதைக் கொண்டுபோனார்கள் என்று அக்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் எழுதுகிறார். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் அதைப் பூட்டிவைக்க ஆணையிட்டது. நூரெம்பெர்க்கின் புனித லாரன்சு ஆலயத்தில் ஆடம் கிராஃப்ட் 1493க்கும் 1496க்கும் இடையில் செதுக்கிய கற்பேழை கிட்டத்தட்ட 20 மீட்டர் உயரம் எழுந்து, இடமில்லாமல் உச்சியில் வளைந்து நிற்கிறது. அடியில் சிற்பி தன்னையே உளியோடும் சுத்தியோடும் மண்டியிட்டுத் தாங்குபவனாகச் செதுக்கிவைத்தான். 16ஆம் நூற்றாண்டில் வெரோனா ஆயர் ஜிபெர்த்தியும் மிலான் பேராயர் சார்லஸ் பொரொமேயோவும் பேழையை நடுப்பீடத்தில் வைக்க, 1614இன் ரோமைச் சடங்குநூல் அதை மேலும் பரப்பியது. 1983இன் திருச்சபைச் சட்டம் பேழை அசைக்க முடியாததாகவும், உறுதியானதாகவும், ஒளி ஊடுருவாததாகவும், பூட்டப்பட்டதாகவும் இருக்கவேண்டும் என்கிறது. திருட்டுக்கும் அவமதிப்புக்கும் அஞ்சி வகுத்த விதியில் குறைகாண ஒன்றுமில்லை. ஆயினும் நற்கருணையைக் காத்துவைப்பதன் முதற்காரணம் சாகும் தறுவாயில் இருப்பவருக்கு அதை வழியுணவாகக் கொண்டுசேர்ப்பதே என்று 1967இல் ரோமையே நினைவூட்டவேண்டியிருந்தது.

சுமந்து செல்லும் வழக்கம் முழு உயிரோடு நிலைத்திருப்பது எத்தியோப்பியாவில். உடன்படிக்கைப் பெட்டி தங்கள் அக்சூம் நகரத்தில் இருப்பதாக நம்பும் அந்நாட்டு ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில், ஒவ்வோர் ஆலயத்தின் உள்ளறையிலும் தபோத் எனப்படும் புனிதப் பலகை ஒன்று இருக்கிறது. அது இல்லாத கட்டடம் ஆலயமாகாது. குருக்களைத் தவிர வேறெவரும் அதைப் பார்ப்பதில்லை. இயேசுவின் திருமுழுக்கை நினைவுகூரும், ஜனவரியில் வரும் திம்கத் திருவிழாவுக்கு முந்தின நாள், பட்டுத்துணிகளால் சுற்றிய தபோத்களைக் குருக்கள் தலையில் சுமந்து, குடைகளின் கீழ், முரசும் பாட்டுமாக நீர்நிலைக்குக் கொண்டுபோகிறார்கள். அன்றிரவு அவை தங்குவது கூடாரத்தில். மறுநாள் நீர் ஆசீர்வதிக்கப்பட்டபின் ஊர்வலமாகவே திரும்புகின்றன.

1868 ஏப்ரலில் பிரித்தானியப் படை மக்தலா மலைக்கோட்டையை வீழ்த்தி, பேரரசர் இரண்டாம் தேவோத்ரோஸ் தற்கொலை செய்துகொண்டபின், அங்கிருந்து கொள்ளையிட்டவற்றில் தபோத்களும் இருந்தன. எடின்பரோ ஆலயம் ஒன்றின் அலமாரியில் கிடந்த ஒன்று 2002இல் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் பதினொன்று இன்னும் இருக்கின்றன. எத்தியோப்பியத் திருச்சபையின் நம்பிக்கையை மதித்து அவற்றைக் காட்சிக்கு வைப்பதில்லை, அங்கே பணிபுரியும் ஆய்வாளர்களும் பார்ப்பதில்லை. பொருள்களை எளிதில் விட்டுக்கொடுக்க அந்த அருங்காட்சியகத்துக்கான 1963இன் சட்டம் இடம் தருவதில்லை என்பதால் கொடுப்பதுமில்லை. பார்க்கவும் ஆராயவும் காட்டவும் கூடாத பதினொரு பலகைகளை ஓர் அருங்காட்சியகம் எதற்காக வைத்துக்கொண்டிருக்கிறது என்ற கேள்விக்கு நான் வாசித்த எந்த விளக்கமும் நேராகப் பதில் சொல்லவில்லை.